யாண்டாவின் இடுப்பில் ஒரு பவளம்

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடிப்பு நடக்கிறது. அலமாரிகளை எல்லாம் கூடத்துக்கு நடுவே இழுத்துப் போட்டிருக்கிறோம். காலையில், மாடத்தில் இருந்த அந்த மரப்பொம்மையை, நீ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்ததை, எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நல்லெண்ணெய், சாம்பிராணி, கோமதியின் கைமஞ்சள் எல்லாம் கலந்து ஒரு கனத்த வாடை. உடம்பெல்லாம் கறுத்துப் பிசுபிசுவென்று ஏடு கட்டியிருந்தது. என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். மங்கலாக எதைக் கண்டாலும் அது புளியைத் தேடிப் போகும். சமையலறைப் பக்கம் நான் ஓரடி எடுத்து வைப்பதற்குள் உள்ளேயிருந்து என் மனைவி கோமதியின் குரல் வந்தது.

"அதை அங்கனயே வையுங்க. ஒரு தடவை தேச்சது போதும்."

எட்டிக்கூடப் பார்க்கவில்லை அவள். ஏணியில் நின்ற வெள்ளையடிக்கிறவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். மேலப்பாளையத்துக்குப் போன் போட்டு உன்னிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று சட்டைப்பையில் கைவிட்ட பிறகுதான், நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிவிட்டது ஞாபகம் வந்தது. போனில் சொல்ல முடியாததை இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள். நான் பேசினாலே நீட்டி முழக்குவேன் என்று நீதானே சொல்வாய்.

ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ ஜெனரேட்டர் மெக்கானிக் ஆனாய், நான் அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்தேன். நீ துபாய் போனாய், மஸ்கட் போனாய், கடைசியில் யாரும் போகாத ஊராகத் தெற்கு சூடானில் யாம்பியோ என்ற இடத்துக்குப் போனாய். அங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. உன்னோடு வேலை பார்த்தவர் ஸாண்டே இனத்துக்காரர், பெயர் கும்பா. "எங்க கடையில விக்கித கும்பாவாலே?" என்று நான் கேட்டதற்கு, "உன் கடை கும்பாவுல கஞ்சிதான் குடிக்கலாம், இந்தக் கும்பா எஞ்சினையே பிரிச்சு மாட்டுவான்" என்றாய்.

நீ விடுப்பில் வந்த அந்தச் சித்திரை மாதம் எங்கள் கல்யாணமாகி ஒன்பதாவது வருடம். தச்சநல்லூர் வீட்டுக்கு நீ ஒரு துண்டுப் பொட்டலத்தோடு வந்தாய். பிரித்தால், ஒரு சாண் உயரத்தில் மரப்பொம்மை. கையே இல்லை. குட்டையான இரண்டு கால்கள். தட்டு மாதிரி முகம், அதில் இரண்டு கீறலாகக் கண்கள். இடுப்பில் நீல மணிகளைக் கோத்த ஒரு நூல், கழுத்தில் கறுத்துப்போன இரண்டு மூன்று வளையங்கள். உடம்பு முழுவதும் களிம்பு தடவிக் காய்ந்த மாதிரி ஒரு மேலோடு.

"இதுக்குப் பேரு யாண்டா" என்றாய். "கும்பாவோட சித்தி வீட்டுல ஒரு பானைக்குள்ள இருந்துது. இப்பம் அவங்க எல்லாரும் சர்ச்சுக்குப் போறவங்க, வீட்டுல வச்சுக்க முடியல. எறியவும் மனசில்ல. என்கிட்ட குடுத்துட்டான். எங்க உம்மா இதைக் கண்டா என்னையும் சேத்துத் தெருவுல விட்டுருவாக. அதாம்லே இங்கன கொண்டாந்தேன். முப்பத்து முக்கோடிப் பேரு இருக்க வீட்டுல இன்னொருத்தருக்கு இடமில்லாமலா போயிரும்?"

என் அம்மா உடனே குங்குமச் சிமிழைத் தேடினாள். "சாமியாய்யா?" என்று கேட்டாள். நீ அவசரமாகத் தடுத்தாய்.

"சாமி இல்லம்மா. நமக்காகப் போய்ப் பேசுத ஆளுன்னு வச்சுக்கிடுங்க. கும்பாவோட சித்தி அப்பிடித்தான் சொன்னாவ."

அன்றைக்கு நீ சொன்னதெல்லாம் எனக்கு அச்சு பிசகாமல் ஞாபகமிருக்கிறது. முன்பு அவர்களிடம் மானி என்று ஒரு கூட்டம் இருந்ததாம். ஆணும் பெண்ணும், தலைவர் வீட்டாரும் சாதாரணக் குடிகளும் ஒன்றாகச் சேர்கிற கூட்டம். அதனாலேயே ஆளுகிறவர்களுக்குப் பிடிக்கவில்லை, வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. அதற்கப்புறம் காட்டுக்குள் ஓடைக்கரையில் ஒளிந்து கூடினார்களாம். யாண்டாவுக்கு மூலிகைக் களிம்பைத் தடவி, புகையை ஊதி, வேண்டியதைச் சொல்வார்களாம். பிள்ளை வேண்டும் என்றுதான் கேட்பார்களா என்று கோமதி மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ளையும் கேப்பாங்க மதினி. அது மட்டும் இல்ல. வேட்டை கிடைக்கணும்னு கேப்பாங்க, சீக்கு தீரணும்னு கேப்பாங்க, வழக்கு ஜெயிக்கணும்னு கேப்பாங்க. அவங்கவங்க குறை என்னமோ அது. கிடைச்ச பொறவுதான் ஒரு மணியோ வளையமோ கட்டணும். முன்கூட்டியே ஒண்ணும் கட்டப்பிடாது."

எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. ஆற்றங்கரைக் கோயில்களில் பிள்ளை வேண்டிக் கோமதி எத்தனை மரத்தில் தொட்டில் கட்டியிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். ஏரலுக்குப் போகிற வழியில் ஒரு வேப்பமரத்தில் அவள் கட்டிய மஞ்சள் துணி, வெயிலில் வெளுத்து நைந்து தொங்கியதை உன்னோடு பஸ்ஸில் போகும்போதுதான் நான் பார்த்தேன். அடையாளம் தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிடைப்பதற்கு முன்னால் ஒன்றும் கட்டவேண்டாம் என்று நீ சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குத்துவிளக்கும் தாம்பாளமும் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரன் வீட்டில் அது என் வேலை, வேறு யார் தேய்த்தாலும் எனக்குத் திருப்தி வராது. பக்கத்தில் யாண்டா அழுக்கோடு நிற்கிறதே என்று தோன்றியது. நல்லெண்ணம்தான். பொம்மைக்குச் சீயக்காயும் தேங்காய் நாரும், கழுத்து வளையங்களுக்குப் புளியும் சாம்பலும். அரைமணி நேரம். மரம் வெளுத்து, வளையம் தங்கமாக மின்னியது. நீல மணி கோத்த நூல் மட்டும் நனைந்து அறுந்து, மணிகள் உருண்டு, அழுக்குத் தண்ணீர் வடிகிற அங்கணக்குழிக்குள் போயின.

மறுநாள் நீ வந்தாய். பொம்மையைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடியும் பொம்மையைப் பார்த்தாய்.

"ஏலே, அந்த மேலோடு எங்க?"

"தேச்சுட்டேன். நல்லா இருக்குல்லா?"

நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். "எத்தனை பேரு கை பட்டுப் பட்டு ஏறினதுலே அது. எத்தனை பேரு அழுது தடவினது. அம்புட்டையும் ஒரு உருண்டை சீயக்காயில கழுவி ஊத்திட்டியே" என்றாய். கோபப்படுவாய் என்று நினைத்தேன். உன் தோள் குலுங்கியது. அழுகிறாயோ என்று பயந்து குனிந்து பார்த்தால் சிரிக்கிறாய். சிரிப்பு அடங்கவே இல்லை. "கும்பாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? உன்னை மாதிரி ஒருத்தன் அந்தக் காலத்து வெள்ளைக்காரன்கிட்ட இருந்திருந்தா தடையே போட்டிருக்க வேண்டாமே" என்றாய்.

பின்னொரு தடவை பஸ்ஸில் ஆதிச்சநல்லூரைத் தாண்டும்போது இதே கதையை ஞாபகப்படுத்திக் குத்தினாய். அங்கே மண்ணுக்கடியில் வெண்கலத்தில் ஒரு தாய்ப் பொம்மை கிடைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. "நல்லவேளை, அதை உன் கையில குடுக்கலை" என்றாய். பிறகு ஜன்னலுக்கு வெளியே ஆற்றங்கரையைக் காட்டி, "இந்தக் கரையிலயும் கேட்டிருக்காங்க, அந்தக் கரையிலயும் கேட்டிருக்காங்க. ஒரே கேள்விதான் வே" என்றாய்.

நான் பொம்மையைக் கழுவியதற்கு நீ சிரித்த அன்றைக்குக் கோமதி சிரிக்கவில்லை. ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அங்கணக்குழியிலிருந்து நீல மணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவி, புது நூலில் கோத்து, மறுபடி அதன் இடுப்பில் கட்டினாள். அன்றிலிருந்து தினமும் தலைக்கு எண்ணெய் வைத்ததும் அந்த எண்ணெய்க் கையை அதன் மேல் ஒரு தடவை தடவுவாள். உதடு அசையும். என்ன கேட்கிறாள் என்று நான் கேட்டதில்லை. தெரிந்ததைக் கேட்பானேன் என்று இருந்தேன்.

நான் செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கடையிலிருந்து ஒரு சின்னப் பித்தளை வளையத்தை எடுத்துவந்தேன். தூக்குவிளக்குச் சங்கிலியில் வருமே, அந்த மாதிரி. பிள்ளை பிறந்ததும் கட்டலாம் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உன்னிடம் காட்டியபோது நீ வளையத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வேறொன்று கேட்டாய்.

"இது ஆணா பொண்ணா, சொல்லு பாப்போம்?"

பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பிடிபடவில்லை.

"நானும் கும்பாகிட்ட கேட்டேன். சில யாண்டா ஆணு, சிலது பொண்ணு, இது ரெண்டும் போலயும் இருக்கு, அவனுக்கே தெரியலை. இருந்துட்டுப் போட்டும். பிள்ளை ரெண்டு பேருக்கும் வேணும்லா?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "மதினியை எத்தனை டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போயிருக்கே?" என்றாய்.

"நாலு."

"நீ எத்தனை பேருகிட்ட போனே?"

வளையத்தை உன் கையிலிருந்து வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான். என் அம்மா கேட்கவில்லை, கோமதியின் வீட்டார் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்ளவில்லை. மறுவாரம் உன் ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனாய். வழியெல்லாம் இறங்கிக்கொள்கிறேன் என்று நான் சொல்ல, வண்டியை நிறுத்தாமலே ஓட்டினாய். பரிசோதனை முடிவு வந்தது. குறை கோமதியிடம் இல்லை. என்னிடம்தான் இருந்தது.

அந்தத் தாளை நாலாக மடித்துக் கடை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். "வீட்டுல சொல்லிராதே" என்று உன் கையைப் பிடித்தேன்.

"நான் எதுக்குச் சொல்லுதேன்? நீதான் சொல்லணும். இன்னைக்கே சொல்லு."

"பைய சொல்லுதேன்லே."

"அந்த வளைகாப்புல மதினியை அடுக்களையிலயே இருன்னு உங்க அம்மா சொன்னாவளே, அது பையவா சொன்னாவ?"

அது அதற்கு முந்தின மாதம் நடந்தது. என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. கூடத்தில் பாட்டும் வளையல் சத்தமுமாக இருக்க, கோமதி அடுக்களையில் ஐந்து வகைச் சோறும் கிளறிக்கொண்டு நின்றாள். சாப்பிட வந்த நீ அதைப் பார்த்திருக்கிறாய். நானும் பார்த்தேன், பந்தியில் இலை சரியாகப் போட்டிருக்கிறதா என்று மேற்பார்வை பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போய்விட்டேன்.

"நீ சொல்லுத வரைக்கும் உன் வீட்டுப் படி ஏறமாட்டேன்" என்றாய். "மதினி போட்டுத் தார டீயை வாங்கிக் குடிக்க எனக்கு முகமில்லலே."

சும்மா சொல்கிறாய் என்று நினைத்தேன். ஐந்து மாதம் நீ வரவில்லை. விடுப்பை நீட்டித்துக்கொண்டு ஊரில்தான் இருந்தாய். கடைக்கு மட்டும் வருவாய். அண்டாவை ஒரு தட்டுத் தட்டுவாய். "சொல்லிட்டியா?" என்பாய். "இல்ல" என்பேன். போய்விடுவாய். அண்ணனுக்கு நம்ம மேல ஏதும் வருத்தமா என்று கோமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். நானோ உன் மேல் கோபமாக இருந்தேன். என் நண்பனா, அவளுக்கு வக்கீலா என்று பொருமினேன். உண்மையைச் சொல்வதென்றால் எனக்குப் பயம். கடைத்தெருவில் எல்லோரும் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிடுகிறார்கள், இது தெரிந்தால் அந்தக் கூப்பாட்டில் ஒரு மாற்றம் வந்துவிடுமோ என்ற அற்பப் பயம். அதற்காக ஒருத்தியை அடுக்களையில் நிறுத்தி வைத்திருந்தேன். எழுதுகிறபோதே கூசுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. கோமதி எனக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா அவள் இருப்பதையே பொருட்படுத்தாமல் ஆரம்பித்தாள்.

"ஏய்யா, சங்கரங்கோயில்ல அண்ணன் மக ஒருத்தி இருக்கா. வயசு கொஞ்சம் கூடிட்டு. இவளும் இருந்துட்டுப் போறா, யாரு வேண்டாங்கா? வம்சம்னு ஒண்ணு வேணும்லா?"

சொதி ஊற்றிய கரண்டி நின்றது. கோமதி மாடத்தில் இருந்த பொம்மையை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான். அந்தப் பார்வை என்னை எழுப்பிவிட்டது. இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

"கோளாறு அவகிட்ட இல்லம்மா. என்கிட்டதான். டாக்டர் குடுத்த தாள் கடையில இருக்கு. அஞ்சு மாசமா இருக்கு."

அம்மா, "யாருய்யா சொன்னா? வேற டாக்டரைப் பாத்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டுவிட்டாள். கோமதி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. ஐந்து மாதம் என்று நான் சொன்னதுதான் அவளைச் சுட்டிருக்கிறது. அதற்கு நான் தனியாக மன்னிப்புக் கேட்டேன், அவளும் ரொம்ப நாள் கழித்துத்தான் கொடுத்தாள்.

சொல்லிவிட்டேன் என்று உனக்குப் போன் செய்தேன். மறுநாள் காலையிலேயே உன் ஸ்கூட்டர் சத்தம். படியேறி வந்து, செருப்பைக் கழற்றி, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து, "மதினி, டீ" என்றாய். அவள் டீ கொண்டுவந்தாள். வாங்கும்போது உன் கண் மாடத்துக்குப் போனது. நானும் அப்போதுதான் கவனித்தேன். நீல மணிகளுக்கு நடுவே சிவப்பாக ஒரு பவளம். அவள் கழுத்துச் சங்கிலியில் இருந்தது. பிறந்த வீட்டில் போட்டனுப்பியது.

"என்ன மதினி, கிடைச்ச பொறவுதான் கட்டணும்னு சொன்னேனே" என்றாய் நீ. "எதுவும் விசேஷமா?"

"கிடைச்சுட்டு அண்ணன்" என்றாள்.

நாம் இரண்டு பேரும் முழித்தோம்.

"வழக்கு ஜெயிக்கணும்னும் கேப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு ஒம்பது வருச வழக்கு. நேத்து தீர்ப்பாயிட்டு."

நீ டீயைக் கீழே வைத்துவிட்டுத் தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தாய். இந்தத் தடவை சிரிக்கவில்லை. தினமும் எண்ணெய்க் கையோடு அவள் உதடு அசைந்ததே, பிள்ளையைத்தான் கேட்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தனக்காக நான் வாயைத் திறக்க வேண்டும் என்று அவள் ஒரு மரத்துண்டிடம் மனுப் போட்டிருக்கிறாள். என்னிடம் நேராகக் கேட்கும்படி நான் வைத்திருக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு தடவை சிகிச்சைக்குப் போனோம். பலிக்கவில்லை. ஒரு கட்டத்தில் போதும் என்று கோமதியே சொன்னாள். என் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடுத்து வந்த ஒரு வளைகாப்பில், அடுக்களைப் பக்கம் போன கோமதியின் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்து, "முதல் வளையலை இவ போடட்டும்" என்றாள். ஒருத்தி முணுமுணுத்தாள். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், முணுமுணுப்பு நின்றது. அதை உன்னிடம் சொன்னபோது, "யாண்டா ஓவர்டைம் பாக்குது வே" என்றாய்.

என் பித்தளை வளையம் மட்டும் கட்டப்படாமல் சட்டைப்பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றிக்கொள்வேன். நீ யாம்பியோ வேலையை முடித்து ஊரோடு வந்த பிறகு ஒருநாள், "அந்த வளையம் எங்கலே?" என்று கேட்டாய். எடுத்துக் காட்டினேன். பையிலேயே கிடந்து அது தேய்ந்து பளபளத்தது. "வச்சிரு. எதுக்காவது ஆகும்" என்றாய்.

உன் ஜனாஸாவில், உன்னை அடக்கிய மையவாடியில், எல்லோரும் மூன்று கை மண் போட்டார்கள். உன் தம்பி என் தோளைத் தொட்டு முன்னால் விட்டான். குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து அந்த வளையம் நழுவி மண்மேல் விழுந்தது. விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எடுத்துக்கொண்டேன். உன்னோடு ஒரு தகடுகூட வைக்க மாட்டார்கள், நான் வேறு பாத்திரக்கடைப் புத்தியைக் காட்ட வேண்டாம் என்று.

இன்றைக்கு வெள்ளையடிப்பு முடிந்து மாடம் காய்ந்ததும் பொம்மையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தேன். நான் கழுவிவிட்ட அந்த மேலோடு மறுபடி ஏறியிருக்கிறது. பதினான்கு வருட எண்ணெய். கோமதி பக்கத்தில் வந்து நின்றாள். சட்டைப்பையிலிருந்து வளையத்தை எடுத்து, பவளத்துக்குப் பக்கத்தில், நீல மணி நூலிலேயே கட்டினேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. முடிச்சை மட்டும் இன்னொரு சுற்றுச் சுற்றிச் சரிசெய்தாள்.

கேட்டுக் கிடைத்ததற்குக் கட்டுவதுதான் வழக்கம் என்று நீ சொல்லியிருக்கிறாய். நான் அந்தப் பொம்மையிடம் ஒரு நாளும் உன்னைக் கேட்டதில்லை. நீ பாட்டுக்கு ஆறாம் வகுப்பில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். கேட்காமல் கிடைத்ததற்குக் கட்டலாமா கூடாதா என்று கும்பாவிடம் விசாரித்துச் சொல்ல நீ இல்லை. கட்டிவிட்டேன். தப்பென்றால் படியேறி வந்து திட்டு, கோமதி டீ போடுவாள்.